பவுண் தராசில் ஏறிய பலகை

எதையும் எடுத்த எடுப்பில் நம்பாமல் இருப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பாரிஸில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. குழாய் வெடித்தது, சுவர் ஊறியது, விலை உயர்ந்த கம்பளம் நாசமாகிவிட்டது என்று வரும் கோரிக்கைகளைப் படித்து, கம்பளம் உண்மையிலேயே விலை உயர்ந்ததுதானா என்று சந்தேகப்படுவது என் தொழில். அந்தக் குணம் அலுவலகத்தோடு நிற்பதில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் மீன் வாங்கியதில்லை. அப்படிப்பட்ட என்னையே ஒரு பழைய பலகை அசத்திவிட்டது.

அது பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் என் கணவர் வேலை செய்த சாப்பாட்டுக் கடையின் கவுண்டர். முன்பு அந்த இடம் ஒரு பிரெஞ்சுக் கஃபேயாக இருந்ததாம். எங்கள் ஆள் ஒருவர் அதை எடுத்தபோது மேசை, கதிரை, விளக்கு, சுவர்ப் பூச்சு எல்லாவற்றையும் மாற்றினார். கவுண்டரை மட்டும் அசைக்க முடியவில்லை. நீளமான, தடித்த ஒற்றைப் பலகை. தோசைக்கல்லைப் போலக் கறுத்துக் கிடந்தது. அதன்மேல் வடைத் தட்டு, ரோல்ஸ் தட்டு, பற்றீஸ் தட்டு, பில் போடும் மெசின். பின்னால் என் கணவர்.

இந்த நாட்டுக்கு வந்து முதலில் கிடைத்த வேலை அது. வேறு வேலைக்குப் போகவேயில்லை. வாடிக்கையாளரோடு கதைத்துக்கொண்டே பலகையைத் துடைப்பார். மஞ்சள் கறை, தேத்தண்ணி வட்டம், சட்னித் துளி எதையும் விடமாட்டார். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைத் துணிக்குள் மடித்து வைத்துக்கொண்டு, ஆள் எங்கோ பார்த்துச் சிரிக்க, கை தன் பாட்டில் சுழன்றுகொண்டிருக்கும். வீட்டில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவமாட்டார், அது வேறு விஷயம்.

பிறகு வலது தோள் போய்விட்டது. அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவர், தோள் இவ்வளவு தேய்ந்திருக்கிறதே, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். "நிற்கிற வேலை" என்றார் இவர். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

இனி வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாரிஸுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் எங்கள் ஃபிளாட்டில் இவர் ஓரிடத்தில் உட்காரத் தெரியாமல் இருந்தார். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் நின்றுகொண்டு சாப்பிட்டுப் பழகியவர்கள். ஒரு வாய் வைப்பதற்குள் யாரோ கூப்பிட்டுவிடுவார்கள். வீட்டிலும் அப்படித்தான். நான் மேசையில் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துச் சோறு போட்டால், கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்க் குசினியில் சிங்க் பக்கத்தில் நின்று சாப்பிடுவார். இருங்கோ என்றால் உட்காருவார். நான் திரும்பிப் பார்க்கும்போது எழும்பி நிற்பார்.

அந்த நேரத்தில்தான் முதலாளி கடையை விற்றார். வாங்கியவருக்கு ஃபோன் கடை போடும் எண்ணம். அவருக்குக் கண்ணாடிப் பெட்டிகள் வேண்டும், பழைய கவுண்டர் வேண்டாம். செய்தி கேட்டதும் இவர் எழும்பி யன்னலடிக்குப் போனார். வெளியே பார்த்தபடி சொன்னார்.

"இவ்வளவு காலமும் அதுக்குப் பின்னாலை நிண்டனான். நிண்டதைத் தவிர என்னத்தைச் செய்தனான்? ஒரு அடையாளம் இருக்கே, சொல்லும் பாப்பம்."

நான் வாயாடி. எதற்கும் சுடச்சுடப் பதில் வைத்திருப்பவள். எங்கள் பிள்ளையின் படிப்பு, இந்த ஃபிளாட், ஊருக்கு அனுப்பியது என்று அடுக்கியிருக்கலாம். அவர் கேட்டது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். அந்த இரவே மனதுக்குள் முடிவு கட்டினேன். அந்தப் பலகையை எடுத்து ஒரு சாப்பாட்டு மேசை செய்வேன். மனுசனை அதில் உட்கார வைப்பேன்.

செய்வேன் என்று சொல்லத் துணிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. லா சப்பலில் தண்டவாளத்தை ஒட்டிய பழைய சரக்குக் கொட்டகை ஒன்றில், கட்டணம் கட்டி யாரும் போய்த் தச்சுவேலை செய்யக்கூடிய பட்டறை இருக்கிறது. சனிக்கிழமைகளில் நான் அங்கே போவேன். அதுவரை சப்பாத்து, செருப்பு அடுக்க ஒரு தட்டும் சாமிப் படம் வைக்க ஒரு தட்டும் செய்திருந்தேன். சாமித் தட்டு கொஞ்சம் சரிவு. பிள்ளையார் மன்னித்துவிட்டார்.

பட்டறையைப் பார்த்துக்கொள்பவள் என் வயதுடைய ஒரு பிரெஞ்சுக்காரி. விஷயத்தைச் சொன்னதும், முதலில் அது என்ன மரம் என்று தெரிந்துகொள், பிறகு தூக்கு என்றாள். கறுப்பு மெருகுக்குக் கீழே வெறும் பைன் மரமாக இருக்கும், அல்லது புழு தின்று உள்ளே பொருபொருவென்று இருக்கும், முதுகு உடைந்ததுதான் மிச்சமாகும். எண்ணெய் உள்ள மரமென்றால் பசை ஒட்டாது, அதற்கு வேறு பக்குவம். எனக்கு அவளைப் பிடிக்கும். அவளும் ஒன்றையும் நம்புவதில்லை.

கடையில் கேட்டால் ஆளுக்கொரு மரம் சொன்னார்கள். சமையல்காரர் முதிரை என்றார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டு மாணவர் ஒருவர், "ரோஸ்வுட் மாதிரி இருக்குங்க மேடம்" என்றார். முதலாளி பலகையில் ஒரு தட்டுத் தட்டி, "தேக்கு. இதுக்கு என்ன விசாரணை" என்றார். எங்கள் ஆட்களுக்குக் கறுப்பாய்க் கனமாய் இருந்தால் அது தேக்குத்தான். பலகையின் அடிப்பக்கத்தில், வெளியே தெரியாத மூலையில், தீப்பெட்டி அளவு ஒரு துண்டை அரிந்து கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கடைக்குப் பக்கத்தில் ஒரு நகைக்கடை. அதை வைத்திருப்பவரை எனக்குத் தாலிக்கொடி மாற்றிய நாளிலிருந்து தெரியும்.

"அண்ணை, உங்கடை பவுண் பாக்கிற கண்ணாடியை ஒருக்காத் தாங்கோ."

"என்ன, காப்பிலை சந்தேகமோ?"

"காப்பிலை இல்லை, கட்டையிலை."

சிவப்பு வெல்வெட்டின்மேல் நான் வைத்த துண்டை, யாரோ செருப்பைக் கழற்றி வைத்ததுபோலப் பார்த்தார். கடையில் வேறு ஆள் இல்லை. கண்ணாடியைத் தந்தார். துண்டின் வெட்டுமுகத்தைச் சவர பிளேட்டால் மழமழவென்று சீவிவிட்டுக் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தேன்.

முதலில் ஒரே மங்கல். கையை மெல்ல நகர்த்தியதும் சட்டென்று தெளிந்தது. இடியப்ப உரலின் அடித்தட்டைப் போல, வரிசை வரிசையாகத் துளைகள். ஒரு வரிசை பெரிய துளைகள், அடுத்து இறுகிய ஒரு பட்டை, மறுபடி பெரிய துளைகள். ஒவ்வொரு வரிசையும் ஒரு வசந்தம். குளிர் விட்டதும் மரம் அவசர அவசரமாகத் தண்ணீர் இழுத்த குழாய்கள் அவை. வெடித்த குழாய்களோடு காலம் தள்ளுகிற நான் இப்படி ஒரு குழாய் வேலையை எங்கும் கண்டதில்லை. எவனும் கோரிக்கை அனுப்ப முடியாத வேலை. துளைகளுக்குக் குறுக்கே சில தடித்த கோடுகளும் ஓடின. வெடிப்பாக்கும் என்று அவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டேன்.

நகைக்கடை அண்ணை கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். எடுத்துத் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"கடவுளே, இதுக்குள்ளை ஆர் இருந்து இவ்வளவு வேலை செய்தது?" என்றார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தங்கத்தின் தரம் பார்ப்பதுபோலவே பார்க்கவேண்டும் என்று நின்றார். துண்டைப் பவுண் தராசில் ஏற்றி நிறுத்தார். பிறகு தண்ணீருக்குள் வைத்து நிறுக்கவேண்டும். தங்கம் தாழும், கட்டை தாழுமா? மிதந்து மிதந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. ஊசியால் அழுத்திப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்து, பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். துண்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். விரல் மினுங்கியது.

"எண்ணெய்ப் பிடி பாத்தியளே? கனத்தையும் பாருங்கோ. தேக்கு, பிள்ளை. பவுணிலை நான் பிழை விட்டாலும் விடுவன், இதிலை பிழை விடமாட்டன்."

பிறகு குரலைத் தாழ்த்தி, உடைத்த வீட்டு மரத்தை இன்னொரு வீட்டுக்குள் எடுக்கக் கூடாதே என்றார். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். இது கடை மரம். சோறு போட்ட மரம். குற்றமில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் சிங்க் பக்கத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தேக்கெண்டால் என்ன, விறகெண்டால் என்ன? உந்தக் கரிப் பலகையைக் கொண்டந்து வீட்டுக்குள்ளை வைக்கப்போறீரோ? பூபெல்லிலை எறியட்டும்."

குப்பையில் எறியச் சொன்ன மனுசன் அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். நான் பலகையை எறியவிடவில்லை. கடைக்கு மரக்கறி கொண்டுவரும் வான் வண்டியில் ஏற்றி, தூக்கியவர்களின் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, பட்டறையில் கொண்டுபோய் இறக்கினேன்.

முதல் வேலை ஆணி பிடுங்குவது. ஒரு ஆணி உள்ளே இருந்தாலும் இயந்திரத்தின் பல் போய்விடும். காந்தத்தைப் பலகைமேல் ஓட்டி, ஒட்டுகிற இடமெல்லாம் கிண்டிக் கிண்டி எடுத்தேன். ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் நீலக் கறுப்பில் ஒரு வட்டம். கொஞ்ச நேரத்தில் என் விரல்களும் அதே நிறமாகிவிட்டன. சவர்க்காரம் போட்டும் போகவில்லை. வாழைக்காய் சீவிய கை எப்படி இருக்கும், அப்படியே. குசினியில் நிற்கும் எவளுக்கும் தெரியும், காயின் கயர்ப்புச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். தேக்கு இப்படிக் கையைக் கறுப்பாக்குமா? என் சந்தேகக் குணம் தலையைத் தூக்கியது. பட்டறைக்காரியைக் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கி ஒரு இழைப்புளியைக் கையில் தந்தாள். சீவிப் பார், அதுவே சொல்லும் என்றாள்.

சீவினேன். முதல் சுருள் கறுப்பாக, பிசுபிசுப்பாக வந்தது. மூக்கருகே பிடித்தேன். கடலைப்பருப்பு, பெருஞ்சீரகம், பொரித்த எண்ணெய். வடை! நின்ற நிலையிலேயே சிரித்துவிட்டேன். நகைக்கடை அண்ணை சத்தியம் செய்த தேக்கெண்ணெய், எங்கள் கடை வடைச்சட்டி எண்ணெய். தட்டுத் தட்டாக அதன்மேல் வைத்து, எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து, மரத்துக்கு ஊட்டியிருக்கிறார்கள். கனமும் அதனால்தான். பாரிஸில் வேறு எந்த மரத்துக்கும் இந்த யோகம் அடித்திருக்காது.

மறுபடி சீவினேன். கறுப்பு, கபிலமாயிற்று. கபிலம், தேனாயிற்று. வடை வாசம் போய் வைன் பீப்பாய் மாதிரி ஒரு புளித்த வாசம் வந்தது. பிறகு, கூரைக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சத்தில், பலகை மினுங்கியது. தேன் நிறத்துக்குக் குறுக்கே வெள்ளி நாடாக்கள். நான் இந்தப் பக்கம் நின்றால் அவை மின்னின, அந்தப் பக்கம் போனால் மறைந்து வேறு நாடாக்கள் மின்னின. இரட்டை நிறப் பட்டுச் சேலையைக் கடையில் திருப்பித் திருப்பிப் பார்ப்போமே, அப்படிப் பலகையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வெடிப்பு என்று நான் அலட்சியமாகக் கடந்த கோடுகள் இவைதான். பட்டையிலிருந்து நடு வரை மரம் தன் உணவைக் கொண்டுபோன பாதைகள். தேக்கில் இவ்வளவு அகலமாக வராது.

"ஷேன்" என்றாள் பட்டறைக்காரி. ஓக் மரம். சொல்லிவிட்டு அவளும் குனிந்தாள். பலகையின் ஓரத்தில் வளையங்களை நகத்தால் தொட்டுக் காட்டினாள். நகத்துக்குள் எத்தனையோ வருடங்கள் அடங்கின. நெருக்கமான காட்டில் வெளிச்சத்துக்காகக் காத்துக் காத்து, அவசரப்படாமல் வளர்ந்த மரம். நாடாக்கள் தெரியும்படி பார்த்து அறுத்த பலகை. இவ்வளவு அகலத்தில் ஒற்றையாக இப்போது தேடினாலும் லேசில் கிடைக்காது என்றாள். புழு ஒன்றுகூட அண்டவில்லை. வடை எண்ணெயைத் தாண்டி எந்தப் புழு வரும்?

நகைக்கடை அண்ணையிடம் போய்ச் சொன்னேன். "இந்த ஊர் மரமோ?" என்றார். இருபத்திரண்டு கரட் கவரிங்காக மாறிவிட்ட முகம். நான் ஃபோனில் படத்தைக் காட்டிய பிறகுதான் கொஞ்சம் தெளிந்தார்.

அடுத்த சனிக்கிழமை மட்டம் பார்த்தோம். நீண்ட இரும்பு மட்டக்கோலைப் பலகைமேல் நிறுத்தி, மறுபக்கம் விளக்கைப் பிடிக்கவேண்டும். பலகை சமமாக இருந்தால் கோலுக்குக் கீழே வெளிச்சம் வராது. ஓரிடத்தில் வந்தது. கோலைத் திருப்பி வைத்தேன். அங்கேயே வந்தது. கையால் தடவினால் ஒரு சாப்பாட்டுக் கோப்பையை விடப் பெரிய, ஆழமில்லாத பள்ளம். கறுப்பு மூடியிருந்தவரை கண்ணுக்குத் தெரியவில்லை. ஈரத்தில் வளைந்திருக்கும், இயந்திரத்தில் கொடுத்து முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்கிவிடலாம், கொஞ்சம் தடிப்புப் போகும், பரவாயில்லை என்றாள் பட்டறைக்காரி. நான் தலையாட்டினேன். அவள் இயந்திரத்தைப் போடப் போனாள்.

என் குணம் விடவில்லை. வளைந்த மரம் இப்படி வட்டமாகவா வளையும்? பலகை கடையில் எப்படிக் கிடந்தது என்று நினைத்துப் பார்த்தேன். இந்த ஓரம் கதவுப் பக்கம். இது பில் மெசின் இருந்த இடம், நான்கு கால் அழுந்திய அடையாளம் இருக்கிறது. இது வடைத் தட்டு. அப்படியென்றால் பள்ளம்...

பள்ளம் பில் மெசினுக்கு வலப்பக்கம். அங்கே எதுவும் வைப்பதில்லை. அங்கேதான் அவருடைய கை சுழலும்.

ஆணி வளைகிற மரம் இது. அதை ஒரு மனுசனின் உள்ளங்கை, ஒரு துணியோடு, சிரித்துச் சிரித்துக் கதைத்தபடி குழித்திருக்கிறது. மருத்துவர் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே கிடந்திருக்கிறது. மரம் தோளைத் தேய்க்க, தோள் மரத்தைத் தேய்த்திருக்கிறது. வேண்டாம், இயந்திரத்தை நிறுத்து என்று கத்தினேன். கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்குப் போய்ப் பள்ளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு வாரம் இருந்தது எனக்கே அதிசயம். சனிக்கிழமை பட்டறையிலிருந்து ஃபோன் எடுத்தேன். "இஞ்சேருங்கோ, சாப்பாடு கொண்டுவர மறந்துபோனன். இஞ்சை இவவும் பசியோடை நிக்கிறா. ரோல்ஸ் ஏதும் வாங்கிக்கொண்டு வாறியளோ?" பசித்தவர் என்றால் சாப்பாட்டுக் கடைக்காரரால் வீட்டில் இருக்க முடியாது. முணுமுணுத்துக்கொண்டே வந்துசேர்ந்தார்.

பலகையை அதன் பழைய உயரத்திலேயே பெஞ்சின்மேல் ஏற்றி வைத்திருந்தோம். தேன் நிறத்தில் கிடந்த அதை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நல்ல மேசை என்று நினைத்திருப்பார். பார்சலை எங்கே வைப்பது என்று பார்த்தார். மேலெல்லாம் மரத்தூள். பார்சலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கைக்குட்டையை எடுத்தார். வலது தோளை அசைக்கக் கூடாது என்பதை மறந்து துடைக்கத் தொடங்கினார். வழக்கம்போலச் சுழற்றிச் சுழற்றி. கை தானாகவே தன் இடத்துக்குப் போயிற்று.

நின்றது. கைக்குட்டையை எடுத்துவிட்டு வெறும் கையால் தடவினார்.

"நல்ல பலகை. ஆர் இதிலை இப்பிடிக் குழிச்சது?"

"நீங்கள்தான்" என்றேன்.

என்னைப் பார்த்தார். பலகையின் ஓரத்துக்குப் போய்ப் பில் மெசினின் கால் அடையாளத்தைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"விசர்க் கதை கதையாதையும். இரும்பு மாதிரி மரம் எண்டு நீர்தானே ஃபோனிலை ஆருக்கோ சொன்னீர்."

நான் மட்டக்கோலைப் பள்ளத்தின்மேல் நிறுத்தி விளக்கைப் பிடித்தேன். குனிந்து பார்த்தார். கோலுக்குக் கீழே வெளிச்சம் ஒரு மெல்லிய பிறை போலத் தெரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், ஏதோ வேறு யாருடைய கையைப் பார்ப்பதுபோல. எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டறைக்காரிக்குத் தமிழ் தெரியாது. அவள் ஏன் மூக்கை உறிஞ்சினாள் என்று எனக்குத் தெரியாது.

"அப்ப, நான் சும்மா நிக்கேல்லை எண்டுறீர்" என்றார்.

"நிக்கேல்லை."

பார்சலைப் பிரித்து எங்கள் இருவருக்கும் ரோல்ஸ் பரிமாறினார். தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தார்.

மேசை இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. பள்ளத்துக்காகப் பலகையை இறக்கவில்லை, பள்ளத்தை நிரப்பவும் இல்லை. யார் ரசம் சிந்தினாலும் ஓடிப்போய் அங்கேதான் தேங்கும். அந்த இடத்தில் இவர்தான் இருப்பார், வேறு யாரையும் விடமாட்டார். எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு மேசையைத் துடைப்பதும் அவர்தான். தோளுக்காக இப்போது இடது கையால் துடைக்கிறார்.